கண்ணைக் கட்டிக்கொண்டு அளந்தவர்கள்

2021 ஏப்ரல் 7 அன்று சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மிலாப் ஆய்வகம் ஓர் எண்ணை வெளியிட்டது. இயற்பியல் பக்கம் எட்டிப் பார்க்காத நாளிதழ்கள்கூட அதைப் பெரிய செய்தியாக்கின. 2025 ஜூன் 3 அன்று அதே ஆய்வகம், அதே காந்த வளையத்திலிருந்து, முன்னதைவிடப் பல மடங்கு துல்லியமான எண்ணை வெளியிட்டது. அதைக் கவனித்தவர்கள் குறைவு. முதல்முறை சொல்லப்பட்டது, இயற்பியலின் அடிப்படைக் கோட்பாட்டில் ஓட்டை இருக்கலாம் என்பது. இரண்டாம் முறை, கோட்பாடும் சோதனையும் ஒத்துப்போகின்றன என்பது. சண்டை செய்தியாகும், சமாதானம் ஆகாது. பத்திரிகைத் தொழிலின் இந்த இலக்கணத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் எது அசைந்தது, எது அசையாமல் நின்றது என்று பார்க்கும்போது, அந்தச் சமாதானம் சண்டையைவிடச் சுவையான விஷயமாகத் தெரிகிறது.

எண் மியூவானைப் பற்றியது. எலெக்ட்ரானுக்கு உள்ள அதே அளவு மின்னூட்டம், அதே தற்சுழற்சி. எடை மட்டும் 207 மடங்கு. 1936-இல் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மையரும் விண்கதிர்களை ஆராய்ந்தபோது அகப்பட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை, எந்தக் கோட்பாடும் கேட்டிருக்கவில்லை. இதை யார் வேண்டுமென்றது என்று இயற்பியலாளர் ஐ. ஐ. ராபி அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அலுப்பு இன்றும் நியாயமானதுதான். எலெக்ட்ரானுக்கு இப்படி ஒரு கனத்த அண்ணன் எதற்காக என்பதற்கு இதுவரை பதில் கிடையாது. இருக்கிறது, அவ்வளவுதான். 2.2 மைக்ரோநொடியில் சிதைந்துபோகிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் பிறந்து, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடுவதால் ஆயுள் நீண்டு தரைவரை வந்து சேர்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில், இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பவரின் உடம்பு வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது.

ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இந்த மியூவான் மழையைப் பல ஆண்டுகளாக எண்ணிவருகிறது. 2014 டிசம்பர் 1 அன்று மலைமேல் ஓர் இடிமேகம் வந்து நின்றபோது மியூவான்களின் எண்ணிக்கை சற்றே குறைந்தது. அந்தக் குறைவை வைத்து, மேகத்துக்குள் இருந்த மின்னழுத்தம் ஏறக்குறைய 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். 2019-இல் முடிவு வெளிவந்தது. மியூவானை நம்பி வேறொன்றை அளக்க முடியும் என்பதற்கு நம் பக்கத்துச் சாட்சி அது. ஃபெர்மிலாப்பில் நடந்தது இதைவிட ஒரு படி விசித்திரம். அங்கே மியூவானை வைத்து வெற்றிடத்தை அளந்தார்கள்.

சுழலும் மின்னூட்டம் ஒவ்வொன்றும் சின்னக் காந்தம். அந்தக் காந்தத்தின் வலுவைக் குறிக்கும் எண்ணுக்கு ‘ஜி’ என்று பெயர். 1928-இல் டிராக் எழுதிய சமன்பாட்டின்படி எலெக்ட்ரானுக்கு அது மிகச் சரியாக 2. இருபது ஆண்டுகளுக்குப் பின், அது 2-ஐவிடத் துளி அதிகம் என்று அளவீடு காட்டியது. ஏன் என்பதை 1948-இல் ஜூலியன் ஷ்விங்கர் சொன்னார். வெற்றிடம் வெறுமையாக இல்லை. எலெக்ட்ரான் ஓர் ஒளித்துகளை உமிழ்ந்து தானே திரும்ப விழுங்கிக்கொள்கிறது. அந்தக் கணநேர விளையாட்டு அதன் காந்தத்தைச் சற்றே மாற்றுகிறது. ‘ஜி’யிலிருந்து 2-ஐக் கழித்து மிச்சத்தைப் பாதியாக்கினால் 0.00116 வர வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆல்ஃபா என்ற மாறிலியை இரண்டு பையால் வகுத்தால் வருவது இந்த எண். மாசசூசெட்ஸில் உள்ள மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் அவருடைய கல்லறையில் அந்தச் சிறு சூத்திரத்தைப் பொறித்திருக்கிறார்கள். கல்வெட்டில் ஏறுகிற தகுதி எல்லாச் சூத்திரங்களுக்கும் வாய்ப்பதில்லை.

ஷ்விங்கர் போட்டது முதல் படி மட்டுமே. ஒளித்துகளை இரண்டு, மூன்று, நான்கு முறை உமிழ்ந்து விழுங்கும் சாத்தியங்கள் உண்டு. படிகள் ஏற ஏற அவை பெருகும். ஐந்தாம் படியில் 12,672 வரைபடங்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் தொயிசிரோ கினோஷிட்டா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கணக்குக்குக் கொடுத்தார். ஐந்தாம் படியை அவரும் சக ஜப்பானியர்களும் முடித்தது 2012-இல். 2023-இல் அவர் இறந்தபோது வயது 98. கணக்கில் தவம் செய்வது என்று யாரையாவது சொல்லலாம் என்றால் இவரைச் சொல்லலாம். இவருக்கு நேர்ந்த ஒரு சறுக்கலைப் பின்னால் சொல்கிறேன்.

எலெக்ட்ரானின் ‘ஜி’யை மியூவானுடையதைவிடத் துல்லியமாக அளக்க முடியும். பிறகு ஏன் மியூவான்? நாம் இதுவரை காணாத கனமான துகள் ஏதாவது வெற்றிடத்தில் ஒளிந்திருந்தால், அதன் தடம் எலெக்ட்ரானைவிட மியூவானில் ஏறத்தாழ 43,000 மடங்கு ஆழமாகப் பதியும். 207-இன் வர்க்கம் அது. துகள்மோதிகளில் கண்ணில் படாத ஒன்று இங்கே நிழலாக விழக்கூடும். அந்த ஆசைதான் அறுபது ஆண்டுகளாக இந்த அளவீட்டை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

தொடக்கம் 1957 ஜனவரி. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நெவிஸ் ஆய்வகத்தில் கார்வின், லெடர்மன், வைன்ரிக் மூவரும் ஒரு வார இறுதியில் அவசரமாக ஒரு சோதனை செய்தார்கள். இயற்கை வலது இடது பார்க்கிறதா என்பது அவர்கள் கேள்வி. பார்க்கிறது என்று தெரிந்தது. மியூவான் பிறக்கும்போதே சுழலச்சு ஒரு திசை பார்த்துப் பிறக்கிறது. சாகும்போது வெளிவரும் துகள் அந்த அச்சின் திசையைக் காட்டிக்கொடுக்கிறது. இப்படிப் பிறப்பிலும் இறப்பிலும் தன் திசையைச் சொல்லிவிடுவதால், இடையில் அச்சு எவ்வளவு திரும்பியது என்று கணக்கிட முடிகிறது. அதே சோதனையில் மியூவானின் ‘ஜி’ 2-க்கு அருகில் என்றும் கண்டார்கள். அந்த லெடர்மன்தான் பின்னால் ஃபெர்மிலாப்பின் இயக்குநரானவர், ‘கடவுள் துகள்’ என்ற பெயரைப் புத்தகத் தலைப்பாக்கி உலகில் பரப்பியவர். நம் தமிழ் நாளிதழ்கள் துகள் இயற்பியலில் அறிந்த ஒரே சொல்லும் அதுதான். அவர் செய்த நல்ல காரியங்களில் அது சேராது.

பிறகு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் மூன்று சோதனைகளை அடுத்தடுத்து நடத்தியது. 1979-இல் முடிந்த மூன்றாவது சோதனை ஒரு தந்திரத்தைக் கற்றுக்கொடுத்தது. மியூவான் குறிப்பிட்ட ஒரு வேகத்தில், அதாவது ஒளியின் வேகத்தில் 99.94 விழுக்காட்டில், வளையத்தில் ஓடினால், அதைப் பாதையில் நிறுத்தப் பயன்படும் மின்புலம் சுழலச்சைத் தொந்தரவு செய்வதில்லை. அந்த வேகத்தில் அதன் ஆயுளும் 2.2 மைக்ரோநொடியிலிருந்து 64 மைக்ரோநொடியாக நீள்கிறது. அதற்குள் 14 மீட்டர் விட்டமுள்ள வளையத்தைச் சராசரியாக நானூற்றுச் சொச்சம் முறை சுற்றிவிடும். சாய்ந்து சுற்றும் பம்பரத்தின் அச்சு மெதுவாக வட்டமிடுவதுபோல மியூவானின் அச்சும் காந்தப்புலத்தில் வட்டமிடுகிறது. ‘ஜி’ மிகச் சரியாக 2 என்றால் அச்சு எப்போதும் ஓடும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். துளி அதிகம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முந்துகிறது. ஏறக்குறைய 29 சுற்றுக்கு ஒரு முழு வட்டம் கூடுதலாகத் திரும்புகிறது. அந்தக் கூடுதலை நேரடியாக அளக்கலாம். மொத்தத்தை அளந்து 2-ஐக் கழிக்க வேண்டியதில்லை.

இதே முறையில் நியூயார்க்கின் புரூக்ஹேவன் ஆய்வகம் கட்டிய வளையம் 1997 முதல் 2001 வரை ஓடியது. 2001 பிப்ரவரியில் அவர்கள் வெளியிட்ட முடிவு கோட்பாட்டிலிருந்து 2.6 சிக்மா, அதாவது பிழைவரம்பைப் போல் 2.6 மடங்கு, விலகியிருந்தது. தற்செயல் என்று தள்ளிவிடக் கொஞ்சம் சங்கடமான அளவு. புதிய துகள்களைப் பற்றிய கட்டுரைகள் குவியத் தொடங்கின. அந்த ஆண்டின் இறுதியில் நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம்.

கோட்பாட்டுக் கணக்கில் ஒளியை ஒளி சிதறடிக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. அதை இரண்டு குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டிருந்தன. ஒன்று கினோஷிட்டாவும் ஹயகாவாவும் சார்ந்தது. மற்றது ஐரோப்பாவில் பைனன்ஸ், பல்லாண்ட்டே, பிராதெஸ் மூவருடையது. இரண்டு விடைகளும் ஒத்துப்போயின. மார்செயில் க்னெக்ட்டும் நைஃபெலரும் அதே கணக்கை வேறு வழியில் போட்டபோது எண் சரியாக வந்தது, குறி மட்டும் மாறி வந்தது. கழித்தல் இருந்த இடத்தில் கூட்டல். கினோஷிட்டாவும் ஹயகாவாவும் திரும்பப் போய்த் தேடினார்கள். அவர்கள் பயன்படுத்திய கணினி நிரல் ஒரு குறிப்பிட்ட கணிதப் பொருளின் குறியைத் தன் வழக்கப்படி வைத்துக்கொள்கிறது. அவர்கள் அதை வேறு வழக்கப்படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்டுபிடித்ததும் ஒளிவுமறைவின்றி எழுதி வெளியிட்டார்கள். ஐரோப்பியக் குழுவும் தன் தவறைத் தனியே கண்டு திருத்தியது. விலகல் 1.6 சிக்மாவாகச் சுருங்கியது. அதை நம்பி எழுதப்பட்ட புதுத் துகள்கள் பல அன்றைக்கே அநாதையாயின.

தவறு செய்தார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்கள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தவறுகள் வழியாக, ஒரே பிழையான குறிக்கு வந்து சேர்ந்தன. ஒத்துப்போனதால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. விடை முன்னதாகத் தெரிந்திருந்தால், அதோடு ஒத்துவராத வரை கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஒத்துவந்ததும் பேனாவை மூடிவைக்கிறோம். இந்த இரண்டு குழுக்களின் மனத்துக்குள் அப்படித்தான் நடந்தது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. ஆனால் மனித மனம் அப்படிப்பட்டது என்பதைச் சோதனைக்காரர்கள் தங்களைப் பற்றியே ஒத்துக்கொண்டு, அதற்கேற்ப ஒரு பூட்டைத் தயாரித்துக்கொண்டார்கள்.

புரூக்ஹேவனின் இறுதி முடிவு 2006-இல் வந்தது. கோட்பாட்டுக் கணக்கு சீர்பட்டபோது விலகல் மூன்று சிக்மாவைத் தாண்டியது. நிச்சயம் என்று சொல்லவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. மேலும் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் அடர்த்தியான மியூவான் கற்றை வேண்டும், அது இருப்பது ஃபெர்மிலாப்பில். வளையம் இருப்பதோ நியூயார்க்கில். புதிதாகக் கட்டுவதைவிட எடுத்துப்போவது பல மடங்கு மலிவு. ஆனால் உள்ளிருக்கும் மீக்கடத்திச் சுருள்களைப் பிரிக்க முடியாது. சில மில்லிமீட்டர் வளைந்தாலும் பாழாகிவிடும். ஆகவே 2013 ஜூனில், 14 மீட்டர் அகல வளையத்தை அப்படியே தூக்கி மிதவையில் ஏற்றினார்கள். அட்லாண்டிக் கரையோரமாக இறங்கி, ஃபுளோரிடாவைச் சுற்றி, ஆறுகள் வழியே வடக்கே ஏறி, இல்லினாய் மாநிலத்தில் கரைசேர்ந்தது. கடைசிச் சில இரவுகள் நெடுஞ்சாலையை மூடிவிட்டு ஊர்ந்தது. ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் பயணம். ஜூலை 26 அன்று அது உள்ளே நுழைவதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து நின்றிருந்தார்கள். தேர் நிலைக்கு வருவதைப் பார்க்கும் கூட்டத்துக்கு எந்த ஊரிலும் ஒரே முகம்தான் போலிருக்கிறது.

வந்த பிறகுதான் உண்மையான வேலை. 1.45 டெஸ்லா காந்தப்புலம் வளையம் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும். அதற்காக ஏறக்குறைய ஒரு வருடம், மெல்லிய இரும்புத் தகடுகளை ஆயிரக்கணக்கில் நறுக்கி, ஒவ்வொன்றாக இடம்பார்த்து ஒட்டினார்கள். மியூவான்கள் ஓடும் வெற்றிடக் குழாய்க்குள் தண்டவாளம் போட்டு, 17 அளவுமானிகள் பொருத்திய ஒரு சிறு வண்டியைச் சில நாளுக்கு ஒரு முறை கயிறு கட்டி இழுத்து முழுவட்டம் அடிக்கவிட்டார்கள்; ஒவ்வோர் இடத்திலும் புலம் எவ்வளவு என்று அது எழுதிக்கொண்டு வரும். வளையத்தின் உட்புறம் 24 உணர்கருவிகள், ஒவ்வொன்றிலும் 54 ஈய ஃபுளோரைடு படிகங்கள், மியூவான் சாகும்போது பறக்கும் பாசிட்ரான்களைப் பிடிக்க. கூடத்தின் வெப்பநிலை ஏறி இறங்கினால் இரும்பு விரிந்து சுருங்கும், புலம் நடுங்கும். முதல் ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு காந்தத்துக்கு வெப்பப் போர்வை போர்த்தினார்கள். அந்த ஓட்டத்தில் 32 மின்தடைகளில் இரண்டு பழுதாகியிருந்தன. அவற்றால் மியூவான் கற்றை எந்த அளவு நகர்ந்திருக்கும் என்று கணக்கிடுவது தனி ஆராய்ச்சியானது. உலகின் அடிப்படை விதி ஒன்றைத் தொட நினைப்பவர்கள் பெரும்பாலான பொழுதைப் போர்வையோடும் மின்தடையோடும் கழிக்கிறார்கள் என்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

இனி அந்தப் பூட்டு. அச்சு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை அளக்கக் கடிகாரம் வேண்டும். நொடிக்கு ஏறக்குறைய நான்கு கோடி முறை துடிக்கும் கடிகாரம். சரியாக எவ்வளவு என்பது சோதனையில் இருந்த எவருக்கும் தெரியாது. குழுவைச் சேராத இரண்டு பேர் அதைக் கொஞ்சம் தப்பாகத் திருப்பிவைத்துப் பூட்டிவிட்டார்கள். எவ்வளவு தப்பு என்பதைத் தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டினார்கள். சர்ச்சைக்குரிய விலகல் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. கடிகாரத்தில் புகுத்திய பொய் அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க இடம் உண்டு. ஆகவே யார் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகக் கணக்கிட்டாலும், கையில் வரும் எண் கோட்பாட்டை ஆதரிக்கிறதா எதிர்க்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. போதாதென்று ஆய்வுக்குழு ஒவ்வொன்றும் தன் மென்பொருளில் இன்னொரு ரகசிய எண்ணைக் கலந்துகொண்டது. பக்கத்து மேசைக்காரரின் விடையைப் பார்த்துச் சரிக்கட்டவும் முடியாது.

இந்த நிலையில் மூன்று ஆண்டுகள் கணக்கிட்டார்கள். ஒவ்வொரு பிழைமூலத்தையும் தேடி, அளவிட்டு, இதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் வாக்களித்த பிறகே உறையைத் திறக்க வேண்டும் என்பது விதி. 2021 பிப்ரவரியில், பெருந்தொற்றுக் காலம் என்பதால் ஜூம் திரையில், ஏறக்குறைய 170 பேர் கூடினார்கள். உறையிலிருந்த எண்ணைக் கணினியில் ஏற்றினார்கள். புரூக்ஹேவன் முடிவுக்கு அருகிலேயே வந்து விழுந்தது. மாணவராக இருந்தபோது புரூக்ஹேவன் வளையத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்த கிறிஸ் பாலி, அப்போது ஃபெர்மிலாப் குழுவின் செய்தித் தொடர்பாளர்களில் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு முன் தாங்கள் அளந்தது தற்செயல் அல்ல என்று அவரைப் போன்ற புரூக்ஹேவன்காரர்களுக்குத் தெரிந்த கணம் அது. திரையில் இருந்தவர்கள் கத்தியதில் தப்பில்லை.

இரண்டையும் சேர்த்தால் கோட்பாட்டிலிருந்து 4.2 சிக்மா விலகல். ஐந்து சிக்மா வந்தால் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கலாம். மீச்சமச்சீர், லெப்டோகுவார்க், கரும்பொருளின் ஒளித்துகள் என்று கற்பனையில் இருந்த எல்லாத் துகளும் வரிசையில் வந்து நின்றன.

முடிவு வெளியான அதே நாளில், 2021 ஏப்ரல் 7 அன்றே, ‘நேச்சர்’ இதழில் வேறொரு கட்டுரை வந்திருந்தது. செய்தியாளர்களில் பலர் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அதைப் புரிந்துகொள்ளக் கோட்பாட்டின் பலவீனமான மூலையைப் பார்க்க வேண்டும். மின்னூட்டம், ஒளி சார்ந்த பகுதியைக் கினோஷிட்டா போன்றோர் தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருப்பது குவார்க்குகள். வெற்றிடத்தில் தோன்றும் ஒளித்துகள் கணநேரம் குவார்க்கும் எதிர்க்குவார்க்குமாகப் பிரிந்து மறுபடி சேர்கிறது. குவார்க்குகளைப் பிடித்துவைக்கும் வலுவிசையைக் குறைந்த ஆற்றலில் தாளும் பேனாவும் கொண்டு கணக்கிட வழியில்லை. ஆகவே குறுக்குவழி ஒன்று வைத்திருந்தார்கள். எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டு, எத்தனை முறை பையான்கள் போன்ற துகள்கள் பிறக்கின்றன என்று எண்ணி, அந்தத் தரவை ஒரு சமன்பாட்டில் போட்டு வேண்டிய எண்ணை எடுப்பது. ஆக, கோட்பாடு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது முழுக்கக் கோட்பாடு அல்ல. அதற்குள் வேறு சோதனைகள் உட்கார்ந்திருந்தன. இத்தாலியில் ஃப்ராஸ்காட்டி ஆய்வகத்தின் க்ளோயி கருவியும், கலிஃபோர்னியாவின் பாபார் கருவியும் இந்தத் தரவில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். 2020-இல் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட கோட்பாட்டாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வெள்ளை அறிக்கை, அந்தப் பிணக்கைப் பிழைவரம்பில் ஏற்றிக்கொண்டு, 0.00116591810 என்ற எண்ணைச் சொன்னது. 4.2 சிக்மா விலகல் இந்த எண்ணிலிருந்துதான்.

‘நேச்சர்’ கட்டுரை புடாபெஸ்ட், மார்செய், வூப்பர்டால் ஊர்களின் பெயரைத் தாங்கிய குழுவினுடையது. அவர்கள் மோதல் தரவைத் தொடவில்லை. காலவெளியின் ஒரு சிறு பெட்டியை நான்கு பரிமாணக் கட்டங்களாகப் பிரித்து, வலுவிசையின் சமன்பாடுகளையே மீக்கணினியில் ஓட்டினார்கள். லாட்டிஸ் முறை என்று பெயர். கிடைத்த விடை சோதனைக்கு அருகில் வந்தது, 4.2 சிக்மாவுக்கு அங்கே இடமில்லை. ஒரே ஒரு குழு, புதிய துல்லியம், இன்னும் பிறர் சரிபார்க்கவில்லை என்ற காரணங்களால் அதை ஓரமாக வைத்தார்கள். காரணங்கள் நியாயமானவை. ஆனாலும் விலகலில் முதலீடு செய்திருந்தவர்களின் குரலில் அன்று கொஞ்சம் எரிச்சலும் கலந்திருந்ததாக எனக்குப் படுகிறது.

அடுத்த அடி சைபீரியாவிலிருந்து. 2023 பிப்ரவரியில் நோவோசிபிர்ஸ்க் நகரின் பூட்கர் நிறுவனத்தில் சிஎம்டி-3 கருவி, இரண்டு பையான் பிறக்கும் நிகழ்வுகளை எண்ணி முடிவு வெளியிட்டது. க்ளோயி, பாபார் இரண்டையும்விட அதிகம். தங்கள் சொந்த நிறுவனத்தின் முந்தைய கருவியான சிஎம்டி-2 சொன்னதைவிடவும் அதிகம். இந்தத் தரவைச் சமன்பாட்டில் போட்டால் மியூவான் விலகல் பெரும்பாலும் கரைந்துவிடும். மற்றக் குழுக்களைச் சேர்ந்த நிபுணர்கள் நோவோசிபிர்ஸ்க்காரர்களை உட்காரவைத்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். பெரிய தவறு எதுவும் அகப்படவில்லை. பழைய தரவுகளிலும் அகப்படவில்லை. எல்லோரும் கவனமாக அளந்திருக்கிறார்கள், ஆனால் எல்லோருடைய எண்ணும் சரியாக இருக்க வழியில்லை.

இதற்கிடையே மற்ற லாட்டிஸ் குழுக்களும் கணக்கை முடித்தன. அவற்றில் சில, சோதனைக்காரர்களிடமிருந்து பாடம் கற்று, தங்கள் தரவுகளிலும் ரகசிய எண்ணைக் கலந்து கண்ணைக் கட்டிக்கொண்டே கணக்கிட்டன. என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உண்மையான கண்டுபிடிப்பு அதுதான். தாளில் போடும் கணக்குக்கு மறைப்பு எதற்கு, கணக்குக்கு விருப்பு வெறுப்பு உண்டா என்று முன்பு கேட்டிருப்பார்கள். 2001-இன் குறிப்பிழையை நினைவில் வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மறைத்துச் செய்த குழுக்களும் புடாபெஸ்ட் குழுவின் பக்கமே வந்து நின்றன.

2025 மே மாதத்தில் கோட்பாட்டாளர்களின் இரண்டாம் வெள்ளை அறிக்கை வந்தது. மோதல் தரவுகளை இப்போதைக்கு ஒன்றுசேர்க்க முடியாது என்று சொல்லி அவற்றை ஒதுக்கிவிட்டு, குவார்க் பங்கின் முதன்மைப் பகுதிக்கு லாட்டிஸ் விடைகளை மட்டும் எடுத்துக்கொண்டது. புதிய எண் 0.00116592033. சில நாட்களில் ஃபெர்மிலாப்பின் இறுதி முடிவு. அதையும் புரூக்ஹேவனையும் சேர்த்த சராசரி 0.001165920715. ஃபெர்மிலாப் அளவீட்டின் துல்லியம் நூறு கோடியில் 127 பங்கு. தொடங்கும்போது வைத்த இலக்கு 140. வாக்குக் கொடுத்ததைவிட நன்றாகச் செய்த பெரிய அறிவியல் திட்டங்கள் அபூர்வம். 2006-இல் புரூக்ஹேவன் சொன்ன எண்ணும் 2025-இன் எண்ணும் அருகருகே நிற்கின்றன. நகர்ந்தது கோட்பாடு.

இதைக் கேட்டு இருவிதமாகப் பேசுகிறார்கள். புதிய இயற்பியல் போயிற்றே என்பவர்கள் ஒரு பக்கம். ஸ்டாண்டர்ட் மாடல் என்ற அந்த அடிப்படைக் கோட்பாடு வென்றது என்பவர்கள் மறுபக்கம். இரண்டுமே அவசரம். மோதல் தரவுகள் ஏன் தங்களுக்குள் சண்டையிடுகின்றன என்பது தெரியாமல், அந்த அறையைப் பூட்டிவிட்டு அடுத்த அறையில் குடியேறியிருக்கிறார்கள். அது தற்காலிக ஏற்பாடு என்று அறிக்கையை எழுதியவர்களே அறிவார்கள். ஒத்துப்போன விடையைக் கண்டு பேனாவை மூடிவைப்பதன் ஆபத்தை இந்தத் துறையே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. லாட்டிஸ் குழுக்கள் பலவாக இருப்பதும், சிலர் கண்ணைக் கட்டிக்கொண்டதும் இம்முறை நம்பிக்கையைக் கூட்டுகின்றன. முழு நம்பிக்கைக்கு அது போதாது.

தேடல் தொடர்கிறது. க்ளோயியின் பழைய தரவை மறுபடி, இம்முறை விடையை மறைத்துக்கொண்டு, ஆராய்கிறார்கள். செர்னில் மியூஒன்-ஈ என்ற திட்டம், மியூவான்களை எலெக்ட்ரான்கள் மீது சிதறவிட்டுக் குவார்க் பங்கை மூன்றாம் வழியில் அளக்க முயல்கிறது. ஜப்பானின் ஜே-பார்க் ஆய்வகம் மியூவான்களைக் குளிரவைத்து, 66 சென்டிமீட்டர் விட்டத்தில், அந்த 99.94 விழுக்காட்டு வேகம் தேவைப்படாத வேறொரு முறையில் அளக்கத் தயாராகிறது. ஃபெர்மிலாப்பின் அளவீட்டில் யாரும் காணாத பிசகு ஏதாவது இருந்தால், அதைக் காட்டிக்கொடுக்க இப்படி முற்றிலும் வேறு முறை வேண்டும்.

ஃபெர்மிலாப் வளையம் 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதைவிடத் துல்லியமாக அளக்கும் திட்டம் இன்றைக்கு எங்கும் கிடையாது. கணக்கில் நிற்கும் பிழைவரம்புகளை ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சோதனையின் பக்கம் 14.5, கோட்பாட்டின் பக்கம் 62. எண்கள் ஒத்துப்போகின்றன என்பதற்குப் பாதிக் காரணம், கோட்பாட்டின் வரம்பு நான்கு மடங்கு அகலம் என்பதே. ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அந்த 62 சுருங்க வேண்டும். அதுவரை பாக்கி வைத்திருப்பது கோட்பாட்டாளர்கள்தான்.